மட்டியிலும் சிப்பியிலும் நஞ்சு சேர்வது எப்படி?

மீன் கெட்டுவிட்டால் மூக்கே சொல்லிவிடும். செவுளைத் திறந்து பார்த்தால் நிறம் சொல்லும், கண்ணைப் பார்த்தால் பளபளப்பு சொல்லும். கடற்கரை ஊர்களில் பிறந்த நமக்கு இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தவில்லை. உம்மாவும் வாப்பும்மாவும் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். ஆனால் இந்த அறிவு முழுவதும் கைவிட்டுவிடும் ஓர் இடம் இருக்கிறது. உயிரோடு, புத்தம் புதிதாக, நல்ல மணத்தோடு இருக்கும் மட்டியும் சிப்பியும் சில நேரங்களில் ஆளைக் கொல்லும் நஞ்சைச் சுமந்திருக்கும். பார்த்தாலும் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது, சமைத்துச் சாப்பிட்டாலும் சுவையில் மாற்றம் தெரியாது.

இது எங்கோ தொலைதூரக் கடலில் மட்டும் நடக்கும் செய்தி அல்ல. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமிழ்நாட்டின் வயலூரில் கழிமுகத்து மட்டியைச் சாப்பிட்டவர்களில் 3 பேர் இறந்தார்கள், 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 1983 ஏப்ரலில் மங்களூருக்குத் தெற்கே கும்பளா கழிமுகப் பகுதியிலும் இதே போன்ற பாதிப்பு ஏற்பட்டது. 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பாறைகளில் வளரும் பழுப்புநிறச் சிப்பியைச் சாப்பிட்டு 7 பேர் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. அங்கே சிப்பி ஏழை வீட்டிலும் வசதியான வீட்டிலும் விரும்பிச் சாப்பிடும் அன்றாட உணவு.

அந்தச் சிப்பிகளுக்குள் நஞ்சு எப்படி வந்தது? சமைத்த பிறகும் அது ஏன் போகவில்லை? நம் குடும்பங்கள் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நஞ்சைத் தயாரிப்பது யார்?

சிப்பி தானாக நஞ்சைத் தயாரிப்பதில்லை. தயாரிப்பவை கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகள். ஒரே ஒரு செல்லால் ஆன இந்த உயிர்களைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் இவற்றில் முப்பது நாற்பதை வரிசையாக வைத்துவிடலாம். நிலத்தில் புல் எப்படியோ கடலில் இவை அப்படி. சூரிய ஒளியில் தமக்கு வேண்டிய உணவைத் தயாரித்துக்கொள்ளும். இறால் குஞ்சிலிருந்து திமிங்கலம் வரை கடலின் உணவுச் சங்கிலி இவற்றை நம்பியே இருக்கிறது.

கடலில் ஆயிரக்கணக்கான நுண்பாசி இனங்கள் உண்டு. அவற்றில் மிகச் சிறிய பகுதிதான் நஞ்சு உண்டாக்குகிறது. அலெக்சாண்ட்ரியம், ஜிம்னோடினியம், பைரோடினியம் ஆகிய பெயர்களைக் கொண்ட பாசி வகைகள் முக்கியமானவை. இவற்றில் நஞ்சுள்ள இனங்கள் சாக்சிடாக்சின் என்ற நஞ்சையும் அதன் உறவுப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. வாலைப் போன்ற இழையை அசைத்து நீரில் நீந்தும் இந்தப் பாசிகளை டைனோஃப்ளாஜெல்லேட்டுகள் என்பார்கள். கண்ணாடி போன்ற ஓடு கொண்ட டயாட்டம் வகையைச் சேர்ந்த சூடோநிட்சியா என்ற பாசி டோமோயிக் அமிலம் என்ற வேறொரு நஞ்சை உண்டாக்குகிறது.

சாதாரண நாட்களில் இவை நீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். சூழ்நிலை ஒத்துவந்தால் சில நாட்களிலேயே பன்மடங்காகப் பெருகிவிடும். ஆழ்கடலின் சத்துமிக்க குளிர்ந்த நீர் மேலே வருவது, மழை வெள்ளத்தோடு உரச்சத்தும் சாக்கடை நீரும் கழிமுகத்தில் வந்து சேர்வது, அதன் பிறகு காற்று அடங்கி வெயில் காய்வது ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கடலோரத்தில் ஆழ்நீர் மேலெழுவது ஆண்டுதோறும் நடக்கும் இயற்கை நிகழ்வு. அங்கே மீன் வளம் மிகுந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

இந்தப் பாசிகளிடம் இன்னொரு தன்மையும் உண்டு. சூழ்நிலை மோசமானால் அலெக்சாண்ட்ரியம் போன்றவை தடித்த உறை கொண்ட விதையைப் போல மாறிக் கடலடிச் சேற்றில் போய்ப் படுத்துவிடும். பல ஆண்டுகள் அப்படியே கிடந்து, நல்ல காலம் வந்ததும் மீண்டும் முளைக்கும். ஓரிடத்தில் ஒருமுறை பாதிப்பு ஏற்பட்டால் அங்கே மறுபடியும் வர வாய்ப்பு உண்டு என்று சொல்வதற்கு இதுவே காரணம். கப்பல்கள் எடைக்காக நிரப்பிக்கொள்ளும் கடல்நீரோடு இந்த உறங்கும் செல்கள் ஒரு நாட்டுத் துறைமுகத்திலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பயணம் செய்கின்றன. அதைக் கட்டுப்படுத்த 2004இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

சிப்பி உண்ணும் முறை

மீன் இரையைத் தேடிப் போகிறது. நண்டு நடந்து போகிறது. இரண்டு ஓடுகளுக்குள் வாழும் மட்டி, ஆழி, கல்லுமக்காய் போன்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஓட்டைச் சற்றே திறந்து, செவுள்களில் உள்ள நுண்ணிய மயிரிழைகளை ஓயாமல் அசைத்து, கடல்நீரை உள்ளே இழுக்கின்றன. நீர் செவுள் வழியாகப் போகும்போது அதிலுள்ள நுண்பாசிகள் பிசுபிசுப்பான படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலம் மெல்ல நகர்ந்து வாய்க்குப் போகிறது. வடிகட்டிய நீர் வெளியே போய்விடுகிறது.

வீட்டில் தேநீர் வடிகட்டுவதை நினைத்துப் பாருங்கள். நீர் போய்விடும், தூள் வடிகட்டியில் தங்கிவிடும். நன்கு வளர்ந்த ஓர் ஆழி, நல்ல சூழ்நிலையில் ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேலான நீரை இப்படி வடிகட்டும். ஒரு லிட்டர் நீரில் சில நூறு நச்சுப் பாசிகள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரை நாம் ஒரு வாய் விழுங்கினாலும் எதுவும் நேராது. ஆனால் நூறு லிட்டரில் உள்ளவை அத்தனையும் நம் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சதைத் துண்டுக்குள் ஒரே நாளில் சேர்ந்துவிடும். மறுநாளும் சேரும், அதற்கடுத்த நாளும் சேரும். நஞ்சு குவிவதன் கணக்கு இதுதான்.

விழுங்கப்பட்ட பாசி சிப்பியின் வயிற்றில் உடைகிறது. உள்ளிருந்த நஞ்சு வெளிப்பட்டு, பெரும்பகுதி செரிமானச் சுரப்பியில் தங்குகிறது. சிப்பியைத் திறந்தால் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ தெரியும் அந்தப் பகுதிதான் அது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மற்றச் சதைகளுக்கும் பரவும். அந்தக் கறுத்த பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டால் பாதுகாப்பு என்று எண்ண முடியாததற்கு இதுவே காரணம்.

சிப்பி ஏன் சாவதில்லை?

மனிதனைக் கொல்லும் நஞ்சு சிப்பியை ஏன் கொல்லவில்லை என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை நரம்பில் இருக்கிறது.

நம் உடலில் நரம்புச் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் நுழைவதற்கென்று நுண்ணிய வாசல்கள் உண்டு. அவை திறந்து மூடும்போதுதான் துடிப்பு நகரும். சாக்சிடாக்சின் இந்த வாசலில் போத்தலில் தக்கை அடைத்ததைப் போல் பொருந்திக்கொள்கிறது. சோடியம் நுழைய முடியாது, துடிப்பு நின்றுவிடும், தசை அசையாது.

சிப்பி வகைகள் பலவற்றில் அந்த வாசலின் அமைப்பு சற்று வேறுபட்டது. தக்கை சரியாகப் பொருந்துவதில்லை. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் மென்னோட்டு மட்டியை ஆராய்ந்தவர்கள் 2005இல் வியப்பான ஓர் உண்மையை வெளியிட்டார்கள். நச்சுப் பாசி அடிக்கடி வரும் பகுதிகளில் வாழும் மட்டிகளில், சோடியம் வாசலைக் கட்டும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் நஞ்சு ஒட்டும் வலிமை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைந்திருந்தது. அதனால் அந்த மட்டிகள் நச்சுப் பாசியைத் தயக்கமின்றித் தின்றன, நஞ்சையும் அதிகமாகச் சேர்த்துக்கொண்டன. சிப்பியின் நலத்தைப் பார்த்து நம் நலத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மனித உடலில் என்ன நடக்கிறது?

சாக்சிடாக்சின் வகை நஞ்சால் வரும் பாதிப்பை முடக்குவாதச் சிப்பி நச்சு என்று சொல்லலாம். சாப்பிட்ட அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கும். முதலில் உதடு, நாக்கு, வாயைச் சுற்றி ஊசி குத்துவது போன்ற உணர்வும் மரத்துப்போதலும் ஏற்படும். பிறகு அது முகத்துக்கும் கழுத்துக்கும் விரல் நுனிகளுக்கும் பரவும். தலைவலி, குமட்டல், வாந்தி வரலாம். தரையில் கால் பாவாமல் மிதப்பது போலிருக்கிறது என்று நோயாளிகள் சொல்வதுண்டு. பேச்சு குழறும், நடை தள்ளாடும். கடுமையானால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இத்தனையும் நடக்கும்போது பெரும்பாலும் நினைவு தெளிவாகவே இருக்கும்.

பெரியவர் ஒருவரைக் கொல்ல இந்த நஞ்சு ஒன்றிலிருந்து நான்கு மில்லிகிராம் வரை போதும் என்பது மதிப்பீடு. இதற்கு முறிவு மருந்து இதுவரை இல்லை. ஆனால் சிகிச்சை உண்டு. மூச்சு நின்றாலும் செயற்கைச் சுவாசக் கருவியால் காப்பாற்றிவிடலாம். உடல் நஞ்சைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும். முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முழுமையாகக் குணமடைகிறார்கள். உயிர் பிழைப்பது எவ்வளவு விரைவாக மருத்துவமனை சேர்கிறோம் என்பதைப் பொறுத்தது.

குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். 1987இல் குவாத்தமாலா நாட்டின் பசிபிக் கரையில் சம்பெரிக்கோ என்ற ஊரில் மட்டி சூப் குடித்த 187 பேர் பாதிக்கப்பட்டு 26 பேர் இறந்தார்கள். சிறு குழந்தைகளிடையே இறப்பு விகிதம் பெரியவர்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாக இருந்தது. எடை குறைந்த உடலுக்கு அதே ஒரு கிண்ணம் சூப் பெரிய அளவு.

வேறு வகை நஞ்சுகள்

1987ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவில் மக்கள் விசித்திரமான நோயோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கோடு குழப்பமும் மறதியும் சேர்ந்திருந்தன. எல்லாரும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்க்கப்பட்ட சிப்பியைச் சாப்பிட்டிருந்தார்கள். 100க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 3 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதிய விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் திறனே நிரந்தரமாகப் போய்விட்டது. முதியவர்களே கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள்.

ஹாலிஃபாக்சில் இருந்த அரசு ஆய்வகம் சில நாட்களிலேயே காரணத்தைக் கண்டுபிடித்தது. அது டோமோயிக் அமிலம். ஜப்பானில் ஒரு கடற்பாசியிலிருந்து முன்பே பிரித்தெடுக்கப்பட்ட பொருள்தான். அங்கே அந்தப் பாசியைக் குடற்புழு மருந்தாகக்கூடப் பயன்படுத்தியிருந்தார்கள். மருந்தளவில் பயன்பட்ட பொருள், சிப்பிக்குள் குவிந்தபோது மூளையில் நினைவைச் சேமிக்கும் பகுதியை அழித்துவிட்டது.

மூன்றாவது வகை வயிற்றுப்போக்கை உண்டாக்குவது. டினோஃபைசிஸ் என்ற பாசி தரும் ஒகடாயிக் அமிலம் இதற்குக் காரணம். 1970களில் ஜப்பானில் இதை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். உயிருக்கு ஆபத்து அரிது, மூன்று நாட்களில் சரியாகிவிடும். அதனாலேயே பலர் இதைச் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் கரேனியா என்ற பாசியால் வரும் நரம்பு நச்சு நான்காவது. 1995இல் அயர்லாந்திலிருந்து நெதர்லாந்துக்குப் போன சிப்பி மூலம் வெளிப்பட்ட அசாஸ்பிராசிட் என்ற நஞ்சு ஐந்தாவது.

சமைத்தால் போய்விடாதா?

நம் வீடுகளில் பலரும் ஏமாறும் இடம் இது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பது உண்மை. ஆனால் சாக்சிடாக்சின் கிருமி அல்ல. அது வெப்பத்தைத் தாங்கும் ஒரு வேதிப்பொருள். ஆணமாகக் கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், ஆவியில் வேகவைத்தாலும் பாதுகாப்பான அளவுக்கு அது அழிவதில்லை. உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைத்தாலும் அப்படியே இருக்கும். எலுமிச்சைச் சாறு, புளி, வினிகர், மஞ்சள், பூண்டு எதுவும் அதை முறிக்காது.

இன்னும் சொல்லப்போனால், இந்த நஞ்சு நீரில் கரையக்கூடியது. வேகும்போது ஒரு பகுதி சாற்றில் இறங்கிவிடும். சதையை ஒதுக்கிவிட்டுச் சாறு மட்டும் குழந்தைக்குக் கொடுத்தாலும் பாதுகாப்பு இல்லை.

மட்டியை இரவு முழுவதும் உப்புநீரில் போட்டு வைப்பது நல்ல பழக்கம். மணல் வெளியேறும். ஆனால் நஞ்சு அந்த ஒரு இரவில் வெளியேறாது. அதற்கு வாரங்கள் ஆகும். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு என்று பல நாடுகளில் நம்பிக்கைகள் உண்டு. இவற்றில் எதற்கும் அடிப்படை இல்லை. வேகவைக்கும்போது ஓடு திறந்தால் நல்லது என்பது சிப்பி உயிரோடு இருந்ததா என்பதை மட்டுமே காட்டும். நஞ்சுள்ள சிப்பியும் உயிரோடுதான் இருக்கும், அழகாகவே திறக்கும்.

கடலின் நிறம் எச்சரிக்குமா?

பாசி பெருகும்போது கடல் சிவப்பாகவோ பழுப்பாகவோ பச்சையாகவோ மாறுவதுண்டு. அதனால் 'செங்கடல் அலை' என்ற பொருளில் ஒரு பெயரும் உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் நிறமும் நஞ்சும் ஒன்றல்ல.

மன்னார் வளைகுடாவில் நீர் பச்சையாகித் துர்நாற்றம் வீசி மீன்கள் செத்து ஒதுங்கும்போது மீனவர்கள் 'பூங்கோரை' என்பார்கள். 2019 செப்டம்பரில் பாம்பன் பகுதியில் அப்படி நடந்தது. அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கடற்கரைகளில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பலரும் படம் பிடித்தார்கள். இரண்டுக்கும் காரணம் நாக்டிலூகா என்ற பாசி. அது பெருகினால் நீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா கூடும், மீன்கள் சாகும். ஆனால் சாக்சிடாக்சினை அது உண்டாக்குவதில்லை.

மறுபக்கம், நச்சுப் பாசி லிட்டருக்குச் சில நூறு என்ற அளவில் இருக்கும்போது கடல் வழக்கமான நீலத்திலேயே தெளிவாக இருக்கும். அப்போதும் சிப்பியில் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும். பாசி மறைந்து நீர் தெளிந்த பிறகும் சிப்பியில் நஞ்சு மிச்சம் இருக்கும். பல சிப்பிகள் சில வாரங்களில் நஞ்சை வெளியேற்றிவிடும். வட பசிபிக் கரையில் வாழும் வெண்ணெய் மட்டி என்ற இனம் இரண்டு ஆண்டு வரைகூட வைத்திருக்கும். சாக்சிடாக்சின் என்ற பெயரே அந்த மட்டியின் அறிவியல் பெயரிலிருந்து வந்ததுதான்.

மீன், இறால், நண்டு நிலை என்ன?

இந்த விவரங்களைப் படித்துவிட்டுக் கடல் உணவையே நிறுத்த வேண்டியதில்லை. பாசியை நேரடியாக வடிகட்டி உண்ணும் இரட்டை ஓட்டு உயிர்களே முதல் ஆபத்து. மீன், இறால், கணவாய் ஆகியவற்றின் சதையில் இந்த நஞ்சுகள் பொதுவாகச் சேர்வதில்லை. குடலிலும் செவுளிலும் இருக்கலாம். நண்டு மட்டியைத் தின்பதால் அதன் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பகுதியில் சேரலாம். மட்டியைத் தின்று வாழும் சங்கு, நத்தை இனங்களிலும் சேரலாம்.

1983 முதல் பலமுறை இந்தத் துயரத்தைச் சந்தித்த பிலிப்பைன்ஸ் நாட்டின் மீன்வளத்துறை, பாதிக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அதில் சொல்லப்படும் அறிவுரை நமக்கும் பயன்படும். எச்சரிக்கை உள்ள பகுதியில் எல்லா வகைச் சிப்பிகளையும், முழுதாகவே உண்ணப்படும் பொடி இறாலையும் தவிர்க்க வேண்டும். நம் ஊரில் கூனி என்று சொல்கிறோமே, அதைப் போன்றது. புதிய மீன், பெரிய இறால், கணவாய், நண்டு ஆகியவற்றைக் குடலையும் செவுளையும் நீக்கி நன்கு கழுவிச் சமைக்கலாம்.

உலகம் கற்ற பாடம்

1793 ஜூன் 15 அன்று கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் பயணக் குழுவினர் கனடாவின் மேற்குக் கரையில் காலை உணவாகச் சிப்பியைச் சாப்பிட்டார்கள். ஜான் கார்ட்டர் என்ற மாலுமி அன்று பிற்பகலே இறந்தார். அந்தப் பகுதியில் ஒரு விரிகுடா இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1799இல் அலாஸ்காவின் சிட்கா அருகே சிப்பியைச் சாப்பிட்ட வேட்டைக்காரர்களில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

காரணம் தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1927இல் சான்பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில் 102 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். ஹெர்மன் சோமர், கார்ல் மேயர் ஆகிய அறிஞர்கள் ஆராய்ந்து, கடலில் பாசி பெருகும் காலமும் சிப்பி நஞ்சாகும் காலமும் ஒன்றே என்பதை 1930களில் உறுதி செய்தார்கள். சிப்பிச் சாற்றை எலிக்குச் செலுத்தி நஞ்சின் அளவை மதிப்பிடும் முறையையும் அவர்கள் உருவாக்கினார்கள். இன்று வேதியியல் கருவிகள் அந்த வேலையைத் துல்லியமாகச் செய்கின்றன.

100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமுக்கு மேல் சாக்சிடாக்சின் இருந்தால் விற்கக்கூடாது என்பது உலகில் பல நாடுகள் ஏற்ற அளவுகோல். டோமோயிக் அமிலத்துக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இந்த வரம்புகள் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் பாசிப் பெருக்கத்தைக் கவனித்துத் தகவல் வெளியிடுகிறது. ஆனால் செயற்கைக்கோள் காண்பது நிறத்தைத்தான். சிப்பிக்குள் இருக்கும் நஞ்சை ஆய்வகமே சொல்ல முடியும். பரிசோதிக்கப்பட்ட பண்ணையிலிருந்து வரும் சிப்பிக்குப் பின்னால் அந்தப் பரிசோதனை இருக்கிறது. கழிமுகத்தில் நாமே அள்ளி வரும் மட்டிக்குப் பின்னால் அது இருப்பதில்லை.

மலேசியாவில் வாழும் நம் உறவினர்கள் இதை அண்மையில் கண்டிருப்பார்கள். 2024 ஏப்ரலில் போர்ட் டிக்சன் பகுதிச் சிப்பிகளில் நஞ்சு இருப்பது தெரிந்ததும் மீன்வளத்துறை எச்சரிக்கை விடுத்து, அங்கே சிப்பி எடுப்பதைத் தடுத்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. சிப்பி, மட்டி வாங்கும்போது எங்கே, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். புதிதா என்ற கேள்வியோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. கடல் நிறம் மாறியிருந்தாலோ, மீன்கள் செத்து ஒதுங்கினாலோ, அக்கம்பக்கத்தில் யாராவது மட்டி சாப்பிட்டு வாய் மரத்துப்போனது என்று சொன்னாலோ, அந்தப் பகுதிச் சிப்பியைத் தொடாதீர்கள். நீர் தெளிந்தவுடன் எடுக்கலாம் என்று அவசரப்படவும் வேண்டாம். மீன்வளத்துறையோ சுகாதாரத்துறையோ அறிவிக்கும்வரை பொறுங்கள்.

3. சாப்பிட்டபின் உதடோ நாக்கோ மரத்தால் 'கொஞ்சம் பார்ப்போம்' என்று காத்திருக்காதீர்கள். செயற்கைச் சுவாச வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். சிப்பி சாப்பிட்டதையும் சாப்பிட்ட நேரத்தையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மரத்துப்போன வாயில் உணவோ நீரோ புகட்ட வேண்டாம், புரையேறிவிடும்.

4. அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்களையும் உடனே அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்கு இன்னும் அறிகுறி தொடங்காமல் இருக்கலாம். மீதமுள்ள உணவைக் கொட்டிவிடாமல் மூடி எடுத்துச் செல்லுங்கள். ஆய்வுக்கு உதவும்.

5. மட்டி எடுத்த இடத்தைச் சுகாதாரத்துறைக்குத் தெரிவியுங்கள். அன்று அதே கழிமுகத்தில் கூடை நிரப்பியவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். உங்கள் ஒரு தொலைபேசி அழைப்பு அவர்கள் வீட்டு அடுப்பு பற்றுவதற்கு முன்பே போய்ச் சேரக்கூடும்.

சிப்பியும் மட்டியும் சத்தான உணவு. புரதமும் இரும்புச் சத்தும் நிறைந்தவை, கடலோரக் குடும்பங்களுக்கு எளிதில் கிடைப்பவை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அவற்றில் இந்த ஆபத்து இருப்பதில்லை. ஆபத்து இருக்கும் சில நாட்களில் அதை நம் சமையலறையில் கண்டுபிடிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. ஆகவே சட்டியில் போடுவதற்கு முன்பே, அது வந்த கடலைப் பற்றி விசாரித்துக்கொள்வோம்.